மயிலக்காவின் கொப்புமேடு

என் மயிலக்காவுக்கு,

காலில் அட்டை ஏறாத இடமாகப் பார்த்து நீ உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு அணையாமல் கிடக்க வேண்டும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தர ஆள் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு, உன் தங்கச்சி சின்னு சொல்வது.

சொல்வது நான், எழுதுவது எஸ்தர். உனக்கு எஸ்தரைத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். திருப்பூர் பனியன் கம்பெனியில் என்னோடு செக்கிங் டேபிளில் நிற்கிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பெல் அடிக்கிறவரை, நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவதாகச் சொன்னாள் எஸ்தர். இரண்டு வரி எழுதுவதற்குள், "ஏட்டி, செத்தவங்களுக்கு எந்த அட்ரஸ்ல போய் லெட்டர் போடுவ?" என்று கேட்டாள். போடப் போவதில்லை, நாலு பேர் படிக்கட்டும், அவர்கள் படிக்கிற சத்தத்தில் அக்கா கேட்டுக்கொள்வாள் என்றேன். "அப்பச் சரி. ஆனா கதைய நேராச் சொல்லு, காட்டுவழி மாதிரி சுத்தாத" என்றாள். காட்டுவழி சுற்றாது, மலைதான் சுற்றும் என்று இவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

நான் சொல்ல வந்தது அந்த வழியைப் பற்றித்தான் அக்கா. மலைமேல் நம் சனம் குடியிருக்கிற ஈட்டிப்பதியிலிருந்து அடிவாரத்துக்கு இறங்குகிற வழி. நீ போன வழி. அதை அடைக்க வந்தார்கள்.

அடைக்க வந்த கதைக்கு முன்னால் இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதிக் கதையில் நிறுத்தி, நீ சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா என்று கேட்பாய். சாப்பிடுகிறேன். இளைக்கவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. தைத்து வருகிற பனியனை விரித்துப் பார்க்க வேண்டும், ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று. தினை அரிசியில் கல் பொறுக்கின கண்ணுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மிஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது மழை விட்ட சாயங்காலம் சில்வண்டு கத்துகிற மாதிரியே இருக்கும். வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் எனக்கு நின்றபடியே தூக்கம் வந்தது. சூப்பர்வைசர் என்னை எழுப்பி, "ஏம்மா, நின்னுட்டே தூங்கறதுக்கு நீயென்ன குதிரையா?" என்று கேட்டார். மழை விட்டால் எங்களுக்குத் தூக்கம்தான் வரும் சார் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கம்பெனியில் நான் வாய் திறந்தால் காட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். அங்கே புலி வருமா? வரும். யானை? வரும், ஆனால் பேர் சொல்ல மாட்டோம், பெரிசு என்றுதான் சொல்வோம். சரி, பயமா இருக்காதா? இதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வரும். பல்லடம் ரோட்டில் பஸ்காரன் போட்டிபோட்டு ஓட்டுகிறானே, அவனுக்கு நடுவில் குறுக்கே போய் மறுபக்கம் சேருகிறவர்கள் என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பெரிசு எதிரே வந்தால் நின்று வழி கேட்கலாம். அதுவும் யோசித்துவிட்டுத்தான் விலகும். பஸ் யோசிக்குமா?

ஒரு நாள் அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவுதான், டேபிளில் இருந்த பெண்கள் எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். நமக்கு அட்டைதானே அக்கா விளையாட்டுச் சாமான்? மழை மாதம் நீயும் நானும் ஓடைக்கரைப் பாறையில் காலை நீட்டி உட்கார்வோம். அந்தப் பக்கம் இலைக்கடியில் அட்டைகள் தலையைத் தூக்கித் தூக்கி வாசம் பார்க்கும். எது முதலில் யார் காலுக்கு வருகிறது என்று பந்தயம். உன் காலுக்குத்தான் எப்போதும் முதலில் வரும். "என்ற ரத்தம் தேனு, உன்றது வெறும் தண்ணி" என்று பீற்றிக்கொள்வாய். தோற்றவள் ஜெயித்தவளுக்கு நண்டு பிடித்துத் தர வேண்டும். நான்தான் எத்தனை நண்டு பிடித்திருக்கிறேன்! அதைச் சுட்டு, ஓட்டை உடைத்து, காலை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு உடம்பை நீ தின்பாய். நியாயமா அது?

பள்ளிக்கூடக் கதையும் இந்த வழியில் நடந்ததுதான், அதனால் சுற்றவில்லை எஸ்தர், எழுது. கீழே தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் நம் இரண்டு பேரையும் சேர்த்தார்கள். வாத்தியார்கள் கெட்டவர்கள் இல்லை. சோறும் நன்றாகத்தான் போட்டார்கள். ஆனால் நீ ஏதாவது பேசினால் மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நம் பேச்சைத் திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். நீ ஒரு வாரம் பேசாமலே இருந்தாய். பிறகு ஒரு விடியற்காலை என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாய். கேட்டைத் தாண்டி, புளியந்தோப்பைத் தாண்டி, மலை ஏறுகிற இடத்தில் நின்று திரும்பி, "இங்கேருந்து நாம பேசலாம்" என்றாய். அதற்கப்புறம் பதி வந்து சேருகிறவரை நீ வாயை மூடவே இல்லை. எனக்கு எழுத்து வராமல் போனது அப்படித்தான். அதற்காக நான் வருத்தப்பட்டேனா? சில நாள் உண்டு. ஆனால் அந்தக் காலையை யாராவது எழுத்தோடு மாற்றிக்கொள்ளச் சொன்னால் மாற்ற மாட்டேன்.

அந்த வழியில் நாம் எதைத்தான் கொண்டு போகவில்லை? ரேஷன் அரிசி அந்த வழிதான். கட்டிக் கொண்டுபோன தேன் அந்த வழிதான். அப்பா வாங்கின ஆட்டுக்குட்டி பாதித் தூரம் அவர் தோளில், பாதித் தூரம் உன் தோளில் ஏறி வந்தது. உன் கல்யாணத்துக்குக் கீழேயிருந்து பெரிய பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீரன் மச்சான் ஏறி வந்தாரே, முகம் தெரியாமல், கால் மட்டும் தெரிய! பாத்திரம் நடந்து வருகிறது என்று பிள்ளைகள் ஓடின. மாப்பிள்ளைதான் மூங்கிலில் சீப்பு செதுக்கிப் பெண்ணுக்குத் தர வேண்டும் என்பது நம் வழக்கம். அவர் செதுக்கின சீப்பில் பல்லெல்லாம் கோணல். "இதுல சீவினா தலையே கோணிக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, அதையே கொண்டையில் செருகிக்கொண்டு பதியைச் சுற்றி வந்தாய். யாராவது சிரித்தால் முறைத்தாய்.

நோயில் விழுந்தவர்களையும் அந்த வழியில்தான் தூக்கிப் போவோம். கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி மூங்கில் கழியில் மாட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். உன்னையும் அப்படித்தான் தூக்கினோம்.

ஆனி மழை. பிள்ளை வலி நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பதியில் பிள்ளை எடுக்கிறவர்கள் பார்த்துவிட்டு, குறுக்காகக் கிடக்கிறது, கீழேதான் போக வேண்டும் என்றார்கள். வீரன் மச்சான் முன் கழி பிடித்தார். நான் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு உன் முகத்தில் மழை விழாமல் நடந்தேன். ஓடை கரை புரண்டு போனது. தண்ணீர் இறங்கட்டும் என்று ஈட்டிமரத்து வளைவில் உன்னை இறக்கி வைத்தோம். நீ என்னைப் பார்த்து, "சின்னு, கோழிய அடைச்சியா?" என்று கேட்டாய். அடைத்துவிட்டேன் அக்கா என்றேன். நான் அடைக்கவில்லை, அம்மா அடைத்தாள், ஆனால் அப்போது அதையா பிரித்துச் சொல்வார்கள்? தண்ணீர் இறங்கிற்று. அதற்குள் நீ போய்விட்டாய், உன்னோடு பிள்ளையும்.

ஜீப் வருகிற வழியாக இருந்திருந்தால் நீ இருப்பாய். இதை நான் அழுதுகொண்டு சொல்லவில்லை. கல்லைக் கல் என்று சொல்கிற மாதிரிச் சொல்கிறேன்.

உன்னைப் பதிக்குத் திருப்பிக் கொண்டுபோய்ப் புதைத்தோம். ஆனால் வழியில் உயிர் விட்டவர்களுக்கு அந்த இடத்தில் குளிரும் என்பது நம் வழக்கம் அல்லவா? அதனால் அந்த வளைவைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் பச்சைக் கொப்பு ஒன்று ஒடித்து அங்கே போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஏறும்போதும் போட வேண்டும், இறங்கும்போதும் போட வேண்டும். பச்சையாக இருக்க வேண்டும். போட்டுவிட்டுக் குனிந்து ஒரு மூச்சு நிற்க வேண்டும். உன்னைப் பார்க்காத பிள்ளைகள்கூடப் போடுகின்றன. கீழ் அடுக்கு மக்கி மண்ணாகிவிட்டது, அதன் மேல் சருகு, அதன் மேல் வாடினது, உச்சியில் அன்றைய பச்சை. இப்போது உன் கொப்புமேடு என் இடுப்புயரம் இருக்கிறது அக்கா. குளிரவில்லையே?

எங்கே விட்டேன்? அடைக்க வந்த கதை.

நம் சனம் வழி கேட்டு மனு கொடுத்தது. தார் ரோடு கேட்கவில்லை. ஒரு ஜீப் ஏறுகிற அளவுக்கு மண்வழி. அதற்கு வனத்துறையில் சொன்ன பதில், அங்கே வழியே கிடையாது, அது பழைய யானைத் தடம், ஆள் நடமாட்டம் நின்று வெகுகாலம் ஆயிற்று என்பது. வழி இல்லாத இடத்தில் சனம் எப்படி இருக்கும்? அதனால் நீங்கள் கீழே வந்துவிடுங்கள், வரிசையாக வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். புரிகிறதா அக்கா? வழி இல்லை என்று எழுதிவிட்டால் பதியும் இல்லை. அதற்குத் தோதாக அடிவாரத்தில் வழியின் குறுக்கே அகழி வெட்டினார்கள். பெரிசு ஊருக்குள் வராமல் இருக்கவாம். பெரிசு அதை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, மண்ணைச் சரித்துத் தள்ளி இறங்கி ஏறிப் போய்விட்டது. நாம்தான் ரேஷன் மூட்டையோடு நின்றோம்.

இன்னொன்று கேள், நீ சிரிப்பாய். புலியைப் படம் பிடிக்க மரத்தில் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். எதிரே எது போனாலும் படம் பிடிக்கும். நம் வழியிலும் கட்டியிருக்கிறார்கள். நம் பெண்கள் அந்த மரம் வருவதற்கு முன்னாலேயே தலையை வாரிக்கொள்கிறார்கள். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டுதான் தாண்டுவாள். அந்தப் பெட்டியைத் திறந்தால் பதியே உள்ளே இருக்கும். அதைக் காட்டுங்கள், சனம் நடக்கிறதா இல்லையா தெரியும் என்று கேட்டோம். அதில் புலி மட்டும்தான் இருக்கிறது என்றார்கள். நம்மைப் புலி என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

கடைசியில் தாசில்தாரம்மாவும் ரேஞ்சரும் சர்வேயரும் ஒன்றாக வந்து நேரில் பார்த்து எழுதுவார்கள் என்று சேதி வந்தது. அவர்கள் எழுதுவதுதான் பேச்சு. பதியிலிருந்து போன் பாறையில் ஏறி அம்மா என்னைக் கூப்பிட்டாள். ஆமாம், இப்போது நம் பதியில் போன் எடுக்கிறது, அந்த ஒரு பாறையில் மட்டும். கம்பெனியில் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு நெருக்கிக்கொண்டிருந்த நேரம். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைத்தார், முதலாளியிடம் போய்ச் சொல்லு என்றார். போனேன்.

எங்கள் முதலாளி மடத்துக்குளம் பக்கம் தோட்டங்காட்டுக்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. "ஏங்கண்ணு, ஷிப்மெண்ட் நிக்கற நேரத்துல வழி கிழின்னா எப்படி?" என்றார். அடைக்கப் பார்க்கிறார்கள் என்றேன். என்னத்தை என்றார். "எங்க தடத்தைங்க" என்றேன். அந்த வார்த்தையில் மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பாவும் பெரியப்பாவும் தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடத்துக்காகக் கோர்ட்டுக்கு நடந்தவர்களாம், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு பேசாமலே செத்தவர்களாம். "தடமா? தடம்னா உட்டுடக் கூடாது கண்ணு. தடம் போனா காடு போச்சு. நீ போயிட்டு வா" என்றார். வெளியே வந்து எஸ்தரிடம் சொன்னேன். எங்க அம்மா செத்ததுக்கு லீவு கேட்டப்பக்கூட இவ்வளவு சீக்கிரம் விடலையே என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

திருப்பூரில் இருக்கிற நம் பதிக்காரர்கள் எல்லாரும் கிளம்பினோம். சாயப்பட்டறையில் இருக்கிறவர்கள், கோழிப்பண்ணையில் இருக்கிறவர்கள், பூண்டியில் சிலைக்குக் கல் தூக்குகிறவர்கள் எல்லாரும். பல்லடம், உடுமலை, அங்கிருந்து அடிவாரம். அகழியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கி ஏறினோம்.

இப்போது உனக்கு வலிக்கிற ஒன்றைச் சொல்லப் போகிறேன். வீரன் மச்சான் வனத்துறையில் வாட்சராக இருக்கிறார். நீ போன பிறகு வேலைக்குச் சேர்ந்தார். நிரந்தர வேலை இல்லை. அவர்கள் வா என்றால் வர வேண்டும், வராதே என்றால் வீட்டில் இருக்க வேண்டும். காக்கிச் சட்டையோடு அவர் ரேஞ்சருக்குப் பின்னால் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்க்கவில்லை.

தாசில்தாரம்மா நல்ல மாதிரி. மூச்சு வாங்கினாலும் நடந்தார். காலில் ஏறின அட்டையைப் பார்த்து அலறவும் இல்லை, யாரிடமோ புகையிலை வாங்கித் தேய்த்துக்கொண்டார். ஆனால் அவருக்கும் சந்தேகம். ரேஞ்சர் நடந்துகொண்டே, இதோ பாருங்கள் உண்ணிச்செடி மூடிக் கிடக்கிறது, இதோ பெரிசின் சாணம், ஆள் நடக்கிற இடமா இது என்று காட்டிக்கொண்டே வந்தார். நாங்கள் நடக்கிறோம் என்று பதிக்குத் தலைவரான நம் மூப்பன் சொன்னார். நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள், வேறு யாராவது சொல்ல வேண்டுமே என்றார் தாசில்தாரம்மா. அதற்காகவே காத்திருந்த மாதிரி ரேஞ்சர், எங்கள் வாட்சரே இந்தப் பதிக்காரர்தான், அவரையே கேளுங்கள் என்றார்.

மச்சான் தரையைப் பார்த்தார். "இப்பல்லாம் யாரும் நடக்கறதில்லீங்க மேடம்" என்றார்.

நம் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள். சத்தம் போடவில்லை. "அப்ப என்ற மகள எதுல தூக்கிட்டு வந்தீங்க மாப்ள? ஆகாசத்துலயா?" என்று கேட்டாள். மச்சான் கேனைக் கை மாற்றிக்கொண்டார். ரேஞ்சர், நடங்க நடங்க என்றார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொன்னால் எஸ்தர் எழுத மாட்டாள். அந்தக் கோணல் சீப்பை எடுத்து அவர் கண்ணில் குத்தலாமா என்றுகூடத் தோன்றிற்று. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? மன்னித்திருப்பாயா? நிச்சயமாக மாட்டாய். நண்டின் உடம்பையே எனக்குத் தராதவள் நீ.

ஈட்டிமரத்து வளைவு வந்தது. மூப்பன் கொப்பு ஒடித்துப் போட்டார். அம்மா போட்டாள். நான் போட்டேன். சனம் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டுத் தாண்டிப் போய் நின்றது. இது என்ன என்று தாசில்தாரம்மா கேட்டார். சொன்னோம். அந்த அம்மா உன் மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். ரேஞ்சர், காற்றில் விழுந்த சுள்ளி மேடம், இன்றைக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று கூட்டிக் குவித்திருக்கிறார்கள் என்றார்.

"யானைத் தடம்னீங்களே சார், யானை கொப்பு ஒடிச்சுப் போட்டுக் கும்பிட்டுட்டுப் போகுமுங்களா?" என்று நான் கேட்டேன். ஆமாம் அக்கா, பேரைச் சொல்லியே கேட்டேன். அப்படிக் கோபம். சனம் சிரித்தது. தாசில்தாரம்மா சிரிக்கவில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். நீங்கள் எல்லாரும் இன்றைக்குத்தானே கூட்டமாக வந்திருக்கிறீர்கள், நான் போன பிறகு இங்கே யார் நடப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். கையிலிருந்த ஃபைலைத் திறந்து சர்வேயரிடம் ஏதோ எழுதச் சொல்லப் போனார்.

எல்லாருக்கும் பின்னால் மச்சான் வந்துகொண்டிருந்தார். மேட்டருகே வந்ததும் தண்ணீர்க் கேனைக் கீழே வைத்தார். பக்கத்துச் செடியில் ஒரு பச்சைக் கொப்பு ஒடித்தார். அதை மேட்டின் தலைப்பக்கம், உன் தலை இருந்த பக்கம், மெதுவாக வைத்தார். குனிந்து ஒரு மூச்சு நின்றார். கேனைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பதை அவர் பார்த்தார்.

தாசில்தாரம்மா, "யாரும் நடக்கறதில்லைன்னீங்களே?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

மச்சான் தன் கையைப் பார்த்தார், கொப்பின் பால் ஒட்டின விரலை. பிறகு சொன்னார். "நடக்காம எப்படீங்க மேடம்? ரோந்து வர்றப்பவும் போடறேன், ஊட்டுக்குப் போறப்பவும் போடறேன். இங்க கெடந்தது என்ற சம்சாரமுங்க."

கை தானாகப் போனதா, இல்லை வேண்டுமென்றே போட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நம் ஆட்கள் யாராலும் அந்த இடத்தைச் சும்மா தாண்ட முடியாது, அதுவும் உன் புருஷனால் முடியாது, அது தெரியும். ஆனால் ஒரு பத்து அடி தள்ளிச் சுற்றி நடந்திருக்கலாமே? ஏன் சுற்றவில்லை? உனக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் சொல்லாதே, வைத்துக்கொள்.

சனம் நடக்கிற வழி என்று எழுதினார்கள். சர்வேயர் அதை உரக்கப் படித்துக் காட்டினார், நம் மூப்பன் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த நாளே மச்சானை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். நான் திருப்பூருக்குத் திரும்புவதற்கு முன்னால், அம்மா அவருக்குச் சோறு போட்டாள். தட்டை வைத்த சத்தத்தில் கோபம் முழுக்கப் போகவில்லை என்று தெரிந்தது. நான்தான் கேட்டேன், ஏன் மச்சான் முதலில் அப்படிச் சொன்னீர்கள் என்று. "நாக்கத்தான் கேட்டாங்க, குடுத்தேன். கைய யாரும் கேக்கலையே" என்றார். அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. எழுதினது எழுதினபடி மேலே போயிருக்கிறது. மேலே என்றால் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. ஜீப் வரவில்லை. வேறு ஆபீசர் வருவார், வேறு காரணம் சொல்வார். புலிக்கு இடைஞ்சல் என்பார், ஓடைக்கு இடைஞ்சல் என்பார். புலியோடும் ஓடையோடும் யார் இவ்வளவு காலம் இருந்தது என்று கேட்டால் கோபம் வரும். வரட்டும். அகழியை மூட ஆள் வரவில்லை என்று நாங்களே காட்டில் விழுந்து கிடந்த மரத்தை உருட்டிக் குறுக்கே போட்டுப் பாலம் கட்டினோம். அது குற்றம் என்று ஒருவர் வந்து சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள், எல்லார் பேரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று பதி மொத்தமும் வரிசையில் நின்றது. அம்மா முதல் ஆள். அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கீழே வந்து வரிசை வீட்டில் இருக்கலாமே, பஸ் வாசலுக்கு வருமே என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். நான் திருப்பூரில் வேலை செய்கிறேன், சம்பளம் வாங்குகிறேன், பிடிக்காமல் இருந்தால் போய்விடுவேன், பிடித்தால் இருப்பேன். அது என் இஷ்டம். அதே இஷ்டம்தான் மேலே இருக்கிறவர்களுக்கும். போகவும் வரவும் வழி இருந்தால்தான் இருக்கிறதும் இஷ்டம், போகிறதும் இஷ்டம். வழியை அடைத்துவிட்டு, இஷ்டப்பட்டுத்தான் வந்தார்கள் என்று எழுதப் பார்க்கிறார்கள். அதற்கு நம் கையை அவர்கள் வாங்க முடியாது.

எஸ்தர் எழுதுகிறதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பெல் அடிக்கப் போகிறது. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன் அக்கா.

தீபாவளிக்குக் கம்பெனிகள் மூடினதும் எல்லாரும் மேலே போகிறோம். வீரன் மச்சான் இப்போதே உண்ணிச்செடியை வெட்ட ஆரம்பித்துவிட்டார். அடிவாரத்திலிருந்து நாங்கள் வெட்டிக்கொண்டே ஏறுவோம், பதியிலிருந்து அவர்கள் வெட்டிக்கொண்டே இறங்குவார்கள். ஜீப்பை அவர்கள் விடாவிட்டாலும், ஜீப் அகலத்துக்கு வழியை நாங்கள் வைத்திருப்போம். வாசுகி மாசமாக இருக்கிறாள், நம் மூப்பன் மருமகள். மாசி மாதம் அவளுக்கு நாள். நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே அவளைக் கீழே கூட்டிவந்து என் ரூமில் வைத்துக்கொள்ளப் போகிறேன், ஹவுஸ் ஓனர் என்ன சொன்னாலும் சரி. பிள்ளை பிறந்த பிறகு, அதே வழியில், அதன் அம்மா நடந்தே அதைப் பதிக்குக் கொண்டுபோவாள்.

உன் வழியில் இன்னொரு பெண்ணுக்குக் கொப்பு போட விட மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் முதுகில் ஏறி வளர்ந்த தங்கச்சி,
சின்னு